முன்சக்கரம் ஏன் நடுங்கியது?

நான்கு பேர் மட்டுமே அமரக்கூடிய சிறிய பயிற்சி விமானங்களைப் பழுது பார்ப்பதில் 1979 முதல் 2013 வரை என் வாழ்நாளின் 34 ஆண்டுகளைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்திருக்கும் எனக்கு இப்போது பேரப்பிள்ளைகளே மேலதிகாரிகள். சென்ற விடுமுறையில் மூத்த பேரன், “தாத்தா, உங்கள் வேலையில் நீங்கள் செய்த பெரிய தவறு எது?” என்று கேட்டுவிட்டான். அவன் எதிர்பார்த்தது ஏதேனும் பெரும் விபத்துக் கதையாக இருக்கலாம். நான் அவனுக்குச் சொன்னது ஒரு சிறு சக்கரத்தின் கதை. அதனால் எவருடைய உயிருக்கும் ஊறு நேரவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் மனம் ஐந்து வாரங்கள் வாடியது. அதையே வாசக அன்பர்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்திலுள்ள விச்சிட்டா நகரில் உருவான செஸ்னா 172 என்னும் விமானம் 1956ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டுள்ளன. உலகில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் கட்டப்பட்டதில்லை. சிறகு மேலே, சக்கரங்கள் கீழே மூன்று. பின்னுள்ள இரண்டும் விமானத்தின் எடையில் பெரும்பகுதியைத் தாங்கும். மூக்கின் கீழுள்ள முன்சக்கரம் ஓட்டுநரின் கால்மிதிகளோடு இணைக்கப்பட்டு, தரையில் ஓடும்போது வழி திருப்ப உதவும்.

இந்த முன்சக்கரத்துக்கு ஒரு நோய் உண்டு. மருத்துவமனைகளில் நோயாளியைக் கிடத்தித் தள்ளிச் செல்லும் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். மெல்லத் தள்ளும்போது ஒழுங்காக உருளும் அதன் சிறு சக்கரம், வேகமாகத் தள்ளினால் இடமும் வலமுமாகப் படபடவென்று அடித்துக்கொள்ளும். விமானத்தின் முன்சக்கரத்துக்கும் அதுவே நேரும். ஒரு காலத்தில் அமெரிக்காவில் பெயர் பெற்றிருந்த, தோள்களைக் குலுக்கி ஆடும் நடனத்தின் பெயரால் இதனை ‘ஷிம்மி’ என்று அழைக்கிறார்கள். வெளியிலிருந்து யாரும் அசைக்க வேண்டியதில்லை. ஓடும் ஓட்டத்திலிருந்தே வலிமை பெற்று, தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் ஆட்டம் இது. பின்னாளில் சோவியத் அறிவியல் கழகத்தின் தலைவராக விளங்கிய கணித மேதை கெல்திஷ், 1945ஆம் ஆண்டில் இந்தச் சக்கர ஆட்டத்தைப் பற்றியே ஓர் ஆய்வு நூல் எழுதினார் என்றால், இதனை எளிதென்று யாரும் எண்ணமாட்டார்கள்.

ஆட்டத்தை அடக்குவதற்கென்று முன்காலில் ஒரு சிறு கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. அதற்கு டேம்பர் என்று பெயர். கைக்கு அடக்கமான ஓர் உருளை. அதனுள் சிவப்பு நிற ஹைட்ராலிக் எண்ணெய். நடுவே ஒரு பிஸ்டன். சக்கரம் திரும்பும்போது எண்ணெய் ஒரு நுண்ணிய துளையின் வழியே நெருக்கிக்கொண்டு செல்ல வேண்டும். மெல்லத் திருப்பினால் வழிவிடும்; வெடுக்கென்று திருப்பினால் தடுத்து நிறுத்தும். எண்ணெய் குறைந்து காற்றுப் புகுந்துவிட்டால் இந்தத் தடை போய்விடும். ஆகவே ‘ஷிம்மி’ என்று ஓட்டுநர் எழுதிவிட்டால் போதும், மெக்கானிக்கின் கை முதலில் டேம்பரைத் தேடித்தான் போகும். என் கையும் அப்படித்தான் போயிற்று.

1994ஆம் ஆண்டு. நான் பணியாற்றிய பயிற்சிக் கழகத்தில் 19 வயது நிரம்பிய ஒரு பெண் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். சிற்றூர்க் குடும்பம். பயிற்சிக் கட்டணத்துக்காக அவளுடைய தகப்பனார் நெல்வயலை ஈடு வைத்திருந்தார் என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும். துணைக்கு ஆசிரியர் இல்லாமல் முதன்முறையாகத் தனியே பறக்கும் நாளை அவள் எதிர்நோக்கியிருந்தாள்.

ஒரு நாள் இறங்கி வந்தவள், குறைகள் எழுதும் ஏட்டில், “தரையில் இறங்கியபின் முன்சக்கரம் கடுமையாக நடுங்குகிறது” என்று எழுதிவிட்டுப் போனாள். நான் டேம்பரைக் கழற்றிப் புதிய எண்ணெய் நிரப்பி, காற்றை வெளியேற்றிப் பூட்டினேன். நான்கு நாள் கழித்து மீண்டும் அவளே அதையே எழுதினாள். இம்முறை டேம்பரையே புதிதாக மாற்றினேன். பத்து நாள் அமைதி. பின்னர் மூன்றாம் முறையாகவும் அதே கையெழுத்தில் அதே வாக்கியம்!

எனக்குச் சினம் மூண்டது. மற்ற மாணவர்கள் எவரும் எழுதாததை இவள் ஒருத்தி மட்டும் எழுதுவானேன்? நேரே தலைமை ஆசிரியரிடம் சென்று, “விமானத்தில் குறை ஒன்றுமில்லை. அந்தப் பெண் வேகமாக வந்து முன்சக்கரத்தைத் தரையில் குத்துகிறாள்” என்று சொன்னேன். உரிமம் பெற்ற பொறியாளன் சொல்லும் சொல்லை அவர் ஏன் ஐயுறப் போகிறார்? அவளுடைய தனிப் பறத்தல் தள்ளிவைக்கப்பட்டது. இறங்கும் பயிற்சியை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் கூடுதல் கட்டணம். வாரங்கள் சென்றன.

எங்கள் பணிமனையில் எனக்கு உதவியாளராக ஒரு பெரியவர் இருந்தார். படிப்புக் குறைவு, ஆனால் கையில் விரலுக்கு ஒரு கண் உண்டு. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவராயினும் என்னை ‘சார்’ என்றே அழைப்பார். நான் அவரை ‘அண்ணே’ என்பேன். இரண்டாம் முறையே அவர், “சார், மூக்கைத் தூக்கிச் சக்கரத்தைக் கையாலே ஆட்டிப் பார்த்துடலாமா?” என்று கேட்டார். “அதற்கெல்லாம் இப்போது நேரமில்லை அண்ணே” என்று நான் தட்டிக்கழித்திருந்தேன்.

ஐந்தாம் வாரத்தில் அந்த விமானம் நூறு மணி நேரச் சோதனைக்காகப் பணிமனைக்கு வந்தது. நான் எஞ்சினில் மூழ்கியிருந்தபோது, பெரியவர் யாரையும் கேளாமல் வாலடியிலுள்ள வளையத்தில் எடையைக் கட்டினார். மூக்கு மேலெழும்பி முன்சக்கரம் தரையைவிட்டு நீங்கியது. “சார், கொஞ்சம் வந்து இதைப் பிடிச்சுப் பாருங்க” என்றார்.

மண்டியிட்டு அமர்ந்து சக்கரத்தை இரு கைகளாலும் பற்றி இடமும் வலமும் அசைத்தேன். சக்கரம் அசைந்தது, டேம்பரின் தண்டு அசையவில்லை! இன்னும் சற்றுத் திருப்பிய பிறகே தண்டு நகரத் தொடங்கிற்று. அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. சக்கரத்துக்கும் டேம்பருக்கும் இடையே எங்கோ தளர்வு இருந்தது. அந்தத் தளர்வுக்குள் சக்கரம் தன் விருப்பம்போல் ஆடலாம். டேம்பருக்கு அது தெரியவே தெரியாது. நான் எத்தனை டேம்பர்களை மாற்றியிருந்தாலும் பயன் விளைந்திராது. புதிய டேம்பர் பத்து நாள் ஆட்டத்தை மறைத்து வைத்தது, அவ்வளவே.

கழற்றிப் பார்த்தோம். முன்காலின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் கத்தரிக்கோல் போல இணைக்கும் இரண்டு கைகள் உண்டு. சக்கரம் தானாகத் திரும்பிவிடாமல் பிடித்து வைப்பவை அவையே. அவற்றின் புஷ்கள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தன. உள்ளிருந்த ஸ்பேசரில் நகத்தால் தடவினால் உணரும் அளவுக்குப் பள்ளம். சக்கரத்தின் பேரிங்கும் சற்றுத் தளர்ந்திருந்தது. டயரைத் தனியே சுழலவிட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் கனத்துக் கீழே வந்து நின்றது. டயரின்மீதுள்ள சிவப்புப் புள்ளி அதன் எடை குறைந்த இடத்தைக் காட்டும். அதனை டியூபின் வால்வுக்கு நேராக வைத்துப் பூட்ட வேண்டும். யாரோ அவசரத்தில் மாற்றிப் பூட்டியிருந்தார்கள். அந்த ‘யாரோ’ நானாகவும் இருக்கலாம்.

புதிய புஷ்களை இறக்கி அளவுக்குத் துளை சீவி, புதிய ஸ்பேசரும் போல்ட்டும் இட்டு, கிரீஸ் நிரப்பினோம். பேரிங்கின் நட்டை, சக்கரம் சுழலும்போது இலேசான பிடிப்புத் தெரியும் வரை முறுக்கினோம். டயரைச் சமன்படுத்திக் கையேட்டின்படி 31 பவுண்டு காற்று அடைத்தோம். முன்காலின் உருளைக்கு 45 பவுண்டு. எல்லாம் முடிந்த பின்னரே டேம்பரைத் தொட்டோம். கையால் இழுத்தும் தள்ளியும் பார்த்தால் இருபுறமும் ஒரே சீரான தடை. அதில் எந்தக் குறையும் இல்லை. மூன்று நாள் வேலை. முதல் நாளே மூக்கைத் தூக்கிப் பார்த்திருந்தால் ஐந்து வாரங்கள் மிஞ்சியிருக்கும்.

விமான ஏட்டில் கண்டதைக் கண்டபடி எழுதிக் கையொப்பமிட்டேன். பின்னர் தலைமை ஆசிரியரிடம் சென்று, “நான் சொன்னது தவறு” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “மற்ற பையன்களையும் விசாரித்தேன். மூன்று பேருக்கு நடுக்கம் தெரிந்திருக்கிறது. எழுதினால் பழி தங்கள்மேல் வருமென்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள்” என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. உண்மையை எழுதிய ஒருத்தியைத் தண்டித்துவிட்டு, மறைத்த மூவரையும் நல்ல ஓட்டுநர்கள் என்று நான் மெச்சிக்கொண்டிருந்தேன்!

அவளும் முற்றிலும் பிழையற்றவள் அல்லள். இறங்கும்போது வேண்டிய வேகத்தைவிடப் பத்து நாட் கூடுதலாகவே வருகிறாள் என்று ஆசிரியர் சொன்னதும் உண்மையே. முதலில் பின்சக்கரங்களைத் தரையில் வைத்து, கைப்பிடியைத் தன்பக்கம் இழுத்துப் பிடித்து, மூக்கை இயன்ற வரை தூக்கி வைத்திருந்து, வேகம் தணிந்த பின் மெல்ல இறக்க வேண்டும். அப்போதும் நடுங்கினால் கைப்பிடியை இன்னும் இழுத்து முன்சக்கரத்தின் சுமையைக் குறைக்க வேண்டும். பிரேக்கை அழுத்தி மூக்கைத் தரையில் அழுந்தவிடக் கூடாது. இவற்றை அவள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அவளுடைய சிறு பிழை, என்னுடைய பெரும் பிழைக்குத் திரையாகிவிட்டது.

அன்று மாலை அவள் வேப்பமரத்தடியில் புத்தகத்தோடு அமர்ந்திருந்தாள். அருகே சென்று, “அம்மா, விமானத்தில்தான் குறை இருந்தது. நான் சரியாகப் பார்க்காமல் உன்மேல் பழி போட்டுவிட்டேன். என்னை மன்னித்துவிடு” என்றேன். எழுந்து நின்றவளுக்குக் கண் கலங்கிற்று. “பரவாயில்லை சார்” என்றாள். சற்றுப் பொறுத்து, “ஒன்று மட்டும் சொல்லட்டுமா சார்? இனிமேல் என்ன குறை தெரிந்தாலும் அந்த ஏட்டில் எழுதவே கூடாது என்று முடிவு செய்திருந்தேன்” என்றாள்.

அவ்வளவு பெரிய தீங்கைச் செய்திருக்கிறோம் என்று அதுவரை நான் எண்ணவில்லை. சக்கரத்தின் தளர்வைப் புதிய புஷ்ஷால் அடைத்துவிடலாம். குறையைச் சொன்னால் நமக்கே கேடு என்று கற்றுக்கொண்ட ஓர் ஓட்டுநர், நாளை எஞ்சினில் கேட்கும் விபரீத ஓசையையும் எழுதாமல் இறங்கிப் போய்விடுவார். நம் வீடுகளிலும், “வயிறு வலிக்கிறது, பள்ளிக்குப் போகமாட்டேன்” என்று பிள்ளை சொன்னவுடன், “படிக்கச் சோம்பல்” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சோம்பலும் இருக்கலாம், வலியும் இருக்கலாம். குனிந்து தொட்டுப் பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

அடுத்த வாரம் அவள் தனியே பறந்தாள். பெரியவரும் நானும் பணிமனை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பின்சக்கரங்கள் தரை தொட்டன. மூக்கு நெடுநேரம் உயர்ந்தே இருந்து, மெல்லத் தாழ்ந்தது. நடுக்கமில்லை. எல்லோரும் கைகுலுக்கி முடித்த பின் அவள் அந்த ஏட்டை எடுத்து ஏதோ எழுதினாள். நன்றியாக இருக்கும் என்று எண்ணிப் போய்ப் பார்த்தேன். “வலப்பக்கக் கதவின் தாழ் சற்றுத் தளர்ந்திருக்கிறது” என்று எழுதியிருந்தாள்.

பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.