செல்ஃப் எடுக்காத டிராக்டரும் ‘என’ என்னும் இடைச்சொல்லும்

பட்டறைத் தமிழில் ‘செல்ஃப்’ ஒரு பெயர்ச்சொல். எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் மின்மோட்டாருக்கு அதுவே பெயர். ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்ற ஆங்கிலத் தொடரின் முன்பாதி அது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்தொடக்கி 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. அதுவரை கைப்பிடிக் கம்பியைச் சுழற்றித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டியிருந்தது. எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறியும். ஆளின் துணையின்றித் தானே கிளம்புவதால் ‘செல்ஃப்’ என்ற அடை சேர்ந்தது. பின்னர் ஆங்கிலம் அடையை உதறித் தலைச்சொல்லை வைத்துக்கொண்டது. இந்தியப் பட்டறைகள் தலைச்சொல்லை உதறி அடையை வைத்துக்கொண்டன. இந்தியில் ‘செல்ஃப் மாரோ’, தமிழில் ‘செல்ஃப் அடி’. இரண்டிலும் வினை ஒன்றே.

பேட்டரியின் வீழ்ச்சியைச் சொல்வதில் மொழிகள் இவ்வளவு ஒற்றுமையாக இல்லை. மும்பையின் இந்தியில் பேட்டரி ‘உட்கார்ந்துவிடும்’. மராத்தியிலும் தமிழிலும் ‘இறங்கிவிடும்’. ஆங்கிலத்தின் வழியே வந்த ‘டெட்’ என்ற சொல்லில் அது இறந்துவிடும். உட்கார்ந்ததை எழுப்பலாம், இறங்கியதை ஏற்றலாம், இறந்ததற்குப் பதிலாக வேறொன்றை வாங்கத்தான் வேண்டும். எந்தச் சொல்லை யார் சொல்கிறார் என்பதில் சில ஆயிரம் ரூபாய் அடங்கியிருக்கிறது.

தாராவியின் தொண்ணூறு அடிச் சாலைக்கு உள்ளே, ஒரு சந்தில், இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூன்றாமவர் நுழைய முடியாத கடையொன்றில் செல்ஃப் மோட்டார்களும் டைனமோக்களும் பழுது பார்க்கும் ஒருவர் இருக்கிறார். தகப்பனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த தலைமுறை. மகன் தோலை விட்டுச் செம்புக் கம்பிக்கு மாறினார். டெம்போக்களின் ஆர்மேச்சர்களும் செம்பூரில் மாஹுல் பக்கம் வரிசையில் நிற்கும் டேங்கர் லாரிகளின் செல்ஃப்களும் அவரிடம் வருகின்றன. 1887இல் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்விக்கூடமாகத் தொடங்கிய, இன்று வீரமாதா ஜீஜாபாய் பெயரில் வழங்கும் நிறுவனம் அருகிலுள்ள மாட்டுங்காவில்தான் இருக்கிறது. மின்னழுத்த இழப்பு என்ற பாடத்தை அங்கே சமன்பாடாகக் கற்பிக்கிறார்கள். இவர் அதை ஓர் உஸ்தாதிடம், சூடான முனையைத் தொட்டுக் கை சுட்டுக் கற்றவர். கடையில் அவர் பேசுவது இந்தியும் மராத்தியும் தமிழும் கலந்த மொழி. ‘சாலூ ஆவல’, ‘பந்த் ஆயிருச்சு’ என்பன அதன் இயல்பான வினைகள். ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் மட்டும் அந்தக் கலப்பு வடிந்துவிடும்.

ஊரில் அவருடைய அண்ணன் வைத்திருப்பது, தகப்பனார் பழையதாக வாங்கிப் போட்ட ஒரு பி-275 டிராக்டர். அந்த வண்டிக்கும் மும்பைக்கும் உறவுண்டு. மகிந்திரா, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், வோல்டாஸ் மூன்றும் கூடி 1963இல் தொடங்கிய டிராக்டர் நிறுவனம், நகரின் வடக்குப் புறநகரான காந்திவலியில்தான் பி-275ஐத் தயாரித்தது. 1977இல் அந்நிறுவனம் மகிந்திராவோடு இணைந்தது. சென்னை பாடியில் 1961இல் அமைந்த லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலை இந்திய வாகனங்களுக்கான செல்ஃப் மோட்டார்களையும் டைனமோக்களையும் செய்துவந்தது. மனிதர்கள் தெற்கிலிருந்து தாராவிக்கு வந்த காலத்தில், காந்திவலி இரும்பு தெற்கு வயல்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிசானப் பட்டத்துக்கு உழவு தொடங்கும் நேரம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, வண்டி மட்டும் கிளம்பவில்லை. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும். ஆகவே ஒருமுறை சுழன்றுவிட்டால் அந்தப் பழைய வண்டி பேட்டரியே இல்லாமலும் நாள் முழுக்க உழும். ஊரார் ஒரு வாரமாக அதைச் சரிவில் தள்ளியே ஓட்டிவந்தார்கள். அடைமழையில் சரிவு சேறானதும் அந்த வழியும் அடைபட்டது. அருகிலுள்ள ஊரின் கடையொன்றில் “பேட்டரி டெட், புதுசு வாங்கிருங்க” என்றார்கள். அண்ணன் தம்பியை அழைத்தார்.

தம்பியின் முதல் கேள்வி, வண்டி என்ன செய்கிறது என்பதன்று.

“அண்ணே, சத்தம் எப்படிக் கேக்கு?”

“ம்ம்ம்னு முக்குதுலே. ஒரு சுத்து, ஒன்றரைச் சுத்து. பொறவு நின்னுருது.”

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு முழு அட்டவணை இருக்கிறது. சாவியைத் திருப்பியும் ஓசையே இல்லையென்றால் மின்னோட்டம் சோலனாய்டு வரைக்கும் வரவில்லை; சுவிட்சையும் கம்பியையும் பார்க்க வேண்டும். ‘டகடகடக’ என்றால் சோலனாய்டு இழுக்கிறது, உடனே மின்னழுத்தம் சரிகிறது, அது விட்டுவிடுகிறது, மீண்டும் இழுக்கிறது. பேட்டரியோ முனை இணைப்போ நலிந்திருக்கிறது. ஒற்றை ‘டக்’ என்றால் சோலனாய்டின் உள்முனைகள் கருகியிருக்கலாம், மோட்டாரின் கார்பன்கள் தேய்ந்திருக்கலாம். ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுழன்றால் பெண்டிக்ஸ் முன்னேறிப் பல்லைப் பிடிக்கவில்லை. ‘கர்ர்’ என்று அரைத்தால் ஃப்ளைவீலின் பல்வளையம் தேய்ந்திருக்கிறது. ‘ம்ம்ம்’ என்ற முக்கல்தான் கடினமானது. பேட்டரி, கம்பி, எர்த்து, தேய்ந்த புஷ்ஷில் உரசும் ஆர்மேச்சர் ஆகிய நான்கும் அதே ஓசையைத்தான் தரும்.

இவ்வோசைகள் எல்லாம் தமிழில் ‘என்று’ சேர்ந்தே வருகின்றன. ‘டக்குன்னு’, ‘விர்ருன்னு’, ‘ம்ம்ம்னு’. தொல்காப்பியத்தின் இடையியல் ‘என’ என்னும் சொல் வழங்கும் ஆறு இடங்களுள் இசையையும் ஒன்றாக வைக்கிறது. உரியியல் உரிச்சொல்லின் பிறப்பிடங்களாக இசை, குறிப்பு, பண்பு மூன்றையும் சொல்கிறது. எமனோ 1969இல் எழுதிய கட்டுரை இந்திய மொழிகளின் ஒலிக்குறிப்புச் சொற்களை ஆராய்ந்து, அவை குடும்ப எல்லைகளைக் கடந்து இந்நிலப்பரப்பு முழுவதற்கும் பொதுவான கூறு என்று காட்டியது. தாராவிக் கடையில் அதற்குத் தினமும் சான்று கிடைக்கிறது. பீகாரிலிருந்து வந்த ஓட்டுநரின் ‘கட்கட்’டும் திருநெல்வேலியின் ‘கடகட’வும் ஒரே பழுதுக்குரிய பெயர்களாக மொழிபெயர்ப்பின்றிப் புரிந்துகொள்ளப்படுகின்றன. ஆயினும் ‘என்’ என்ற சொல்வினையோடு ஓசையைப் பிணைக்கும் தமிழ் அமைப்பில் எந்திரம் ஒரு கூற்றுக்கு உரிமையாளனாகிறது. வண்டி ‘ம்ம்ம்’ என்றது. அது சொன்னதை அண்ணன் சொன்னபடியே அறிவிக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டருக்கு அப்பால் தம்பி பொருள் காண்கிறார்.

அடுத்து அண்ணன் சொன்ன செய்தியில்தான் உரையாடலின் நிறம் மாறியது.

“பக்கத்து வயக்காரரு, ஸ்குரூடிரைவர வச்சு செல்ஃப் முனையில தொட்டு எடுத்துரலாம்ங்காரு.”

“அண்ணே, அத மொதல்ல கீழ போடுங்க. யாரும் சக்கரத்துக்கு முன்னால நிக்காதீங்க. இந்தப் பேச்ச இதோட விட்டுருங்க.”

அண்ணனிடம் கட்டளை வாக்கில் தம்பி பேசுவது அவ்வீட்டில் வழக்கமில்லை. ஆனால் காரணம் வலுவானது. செல்ஃபின் இரு முனைகளையும் இரும்பால் இணைக்கும்போது சாவி, சுவிட்சு, வண்டி நியூட்ரலில் இருந்தால்தான் கிளம்பும் என்ற பாதுகாப்பு ஏற்பாடு எல்லாமே சுற்றிக் கடக்கப்படுகின்றன. இணைப்பவர் தரையில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே நிற்கிறார். கியர் விழுந்திருந்தால் எஞ்சின் பற்றிய அந்த நொடியிலேயே வண்டி நகரும். ஆளுயரப் பின்சக்கரம் அவர்மீது ஏறும். உலகெங்கும் டிராக்டர் விபத்துகளில் இவ்வகை மரணங்கள் நன்கு அறியப்பட்டவை. பேட்டரிக்கு அருகே பொறி பறந்தால் அதிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வெடிக்கும் அபாயம் வேறு.

சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, “சரிலே, நீ சொல்லு. என்ன செய்யணும்?”

கருவிகள் மூன்றே. ஒரு பழைய பல்பு, அதில் முறுக்கிய இரண்டு கம்பி, சாவியைத் திருப்ப மதினி. வண்டி நியூட்ரலில், கைப்பிரேக் போட்டு, எஞ்சின் பற்றாதபடி ஸ்டாப் கம்பியை இழுத்து வைத்தாயிற்று. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மதினி செல்ஃப் அடிக்க வேண்டும். அதே நேரம் அண்ணன் பல்பின் இரு கம்பிகளையும் பேட்டரியின் இரு குமிழ்களில் நேராக வைத்துப் பார்க்க வேண்டும்.

“ஹெட்லைட்டு மங்குது. பல்பு?”

“பல்பு நல்லாத்தான் எரியி.”

பேட்டரி குற்றமற்றது என்பது அந்த ஒரு விடையில் உறுதியாயிற்று. தன் குமிழ்களில் அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் பேட்டரி இறக்கவில்லை. அதிலிருந்து புறப்படுவது வழியில் தொலைகிறது. தம்பியின் சொல்லில், “கரண்டு பாதையில நிக்கி.” கணக்கும் அதையே சொல்லும். செல்ஃப் மோட்டார் தோராயமாக 200 ஆம்பியர் இழுக்கும். பாதையில் 0.02 ஓம் மின்தடை கூடினாலே 4 வோல்ட் அங்கே தின்னப்படும். 12 வோல்ட் வண்டியில் அது மூன்றில் ஒரு பங்கு. ஹெட்லைட் பல்பு இழுப்பது ஏறத்தாழ 4 ஆம்பியர்தான். அதே மின்தடையில் அதற்கு நேரும் இழப்பு 0.08 வோல்ட். அதனால்தான் செல்ஃப் அடிக்காதவரை விளக்குகள் பளிச்சென்று எரிந்து எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும்.

பாதையில் எங்கே என்பது மிச்சக் கேள்வி. பல்பின் ஒரு கம்பியைப் பேட்டரியின் எர்த்துக் குமிழிலும் மற்றதை வண்டியின் சுரண்டிய வெற்று இரும்பிலும் வைக்கச் சொன்னார். இரண்டும் ஒரே மின்னிலையில் இருக்க வேண்டிய இடங்கள். இணைப்பு நலமாயிருந்தால் செல்ஃப் அடிக்கும்போதும் பல்பு எரியக்கூடாது.

மதினி சாவியைத் திருப்பினார். பல்பு செந்நிறமாகக் கமறியது.

ஆயுதபூசைக்கு வண்டியைக் கழுவிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எர்த்துப் பட்டையைக் கழற்றி, அடித்த பெயிண்டின் மேலேயே திரும்பப் போல்ட்டை முறுக்கியிருந்தார்கள். மரையின் வழியாகக் கொஞ்சம் மின்னோட்டம் போய்வந்தது. ஐப்பசி மழை ஈரம் புகுந்து துரு ஏறியதும் அந்தப் பாதையும் குறுகியது. டைனமோவின் மின்னோட்டமும் அதே பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும் என்பதால் பேட்டரிக்குப் போதிய சார்ஜும் ஏறவில்லை. ஸ்குரூடிரைவரால் முனைகளைத் தொட்டிருந்தாலும் இந்தப் பழுது தீர்ந்திருக்காது. பயனில்லாத ஒன்றுக்காக உயிர் பணயமாகியிருக்கும்.

எர்த்தை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்ட வேண்டும் என்ற வரிசையைத் தம்பி இருமுறை சொன்னார். எர்த்து கழன்றிருக்கையில் ஸ்பேனர் தவறி வண்டியில் பட்டாலும் பொறி பறக்காது என்பதே அவ்வரிசையின் பொருள். பெயிண்டைச் சுரண்டி இரும்பைப் பளபளப்பாக்கினார்கள். குமிழ்களில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை ஆப்பசோடா கலந்த வெந்நீரால் கழுவி, உலர்த்தி, மாட்டி, மேலே கிரீஸ் தடவினார்கள். பேட்டரி ஓர் இரவு சார்ஜில் கிடந்தது. புதிதாக ஒன்றும் வாங்கப்படவில்லை. மறுநாள் காலை வந்த அழைப்பில் அண்ணன் பேசவில்லை. தொலைபேசியை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

பாடநூல் தமிழ் மின்கலம், மின்தடை, மின்னழுத்தம் என்ற நல்ல சொற்களை ஆக்கியிருக்கிறது. அவற்றின் தேவையை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சொற்கள் பொருள்களுக்கும் அளவுகளுக்கும் உரியவை. பழுதுகளுக்கான சொற்கள் இன்னும் ‘என’ சேர்ந்த ஒலிக்குறிப்புகளாகவே, எழுதப்படாமல், பட்டறைகளில் வாழ்கின்றன. ஒற்றை ‘டக்’கிற்கும் தொடர் ‘டகடக’விற்கும் உள்ள வேறுபாடு, அடுக்கின் எண்ணிக்கையில் பொருள் மாறும் வேறுபாடு, இலக்கண மாணவர் ஒருவர் கள ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளத் தகுந்தது. கள ஆய்வுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழுதான வண்டியின் உரிமையாளர் எவரிடமும், வண்டிக்கு என்ன என்று கேட்காமல், வண்டி என்ன சொல்கிறது என்று கேட்டால் போதும்.