படிமமும் தலையணையும்

படிமம் என்ற சொல்லைக் கவிதை விமர்சனத்தில் அலுக்க அலுக்கப் பயன்படுத்திவிட்டோம். மருத்துவமும் அதே சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் எங்கே விலகுகின்றன என்று யோசிக்கவைத்தது பெரியப்பா மகனின் பேரியம் படம்.

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். சோப்புக் காய்ச்சக் கரைத்து வைத்திருந்த காஸ்டிக் சோடாவை மூன்று வயதில் தண்ணீரென்று குடித்தவர் அண்ணன். உணவுக்குழாய் வெந்து, தழும்பேறி, அடைத்துக்கொண்டது. 1993இல் பெருங்குடலில் ஒரு துண்டை, ரத்தநாளம் அறாமல், மார்புக்குள் ஏற்றித் தைத்தார்கள். 1911இலேயே முயலப்பட்ட அறுவை இது. குழந்தைகளிடத்தில் இதை வேரூன்றச் செய்தவர்களில் ஒருவர் லண்டனின் டேவிட் வாட்டர்ஸ்டன். பின்னர் 1980களில் அங்கேயே லூயிஸ் ஸ்பிட்ஸ் இரைப்பையையே மேலே இழுத்துத் தைக்கும் முறைக்குப் போனார்.

பேரியம் சுண்ணாம்புக் குழம்புபோல இருக்கும். அது இறங்கும் பாதை படத்தில் வெள்ளையாக விழும். இயல்பான உணவுக்குழாய் அலையலையாகச் சுருங்கி உணவைத் தள்ளும். இடம் மாறிய குடல் அந்த வேலையைக் கற்பதில்லை. பெரும்பாலும் உணவு தன் எடையாலேயே விழுகிறது. முப்பது வருஷத்துக்குப் பிறகும் குடலுக்கே உரிய மடிப்புகள் மார்புக்குள் தெளிவாகத் தெரிந்தன. கீழே ஒரு வளைவு. அங்கே பேரியம் தேங்கி நின்றது. 'தேவைக்கு மேல் நீளம்' என்றது அறிக்கை. இத்தகைய குடல் காலப்போக்கில் நீண்டு தொய்வது அறியப்பட்ட விளைவுதான்.

எப்போது நீண்டது? டாக்டர் பழைய படத்தைக் கேட்டார். 1995 அக்டோபர் சூரிய கிரகணத்துக்கு வீட்டிலிருந்த எக்ஸ்ரே படங்களையெல்லாம் வெட்டிக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டார்கள். ஒரு படம் ஒரு கணத்தைத்தான் சொல்லும். காலத்தைச் சொல்ல இன்னொன்று வேண்டும்.

காலம் வேறிடத்தில் பதிவாகியிருந்தது. எங்கள் பக்கம் ராகிக் களியை மெல்லமாட்டோம், உருட்டி விழுங்குவோம். அண்ணன் மோரில் கரைத்துக் குடிப்பார். ஏழு மணிக்கே சாப்பாடு முடித்து, தலையை உயர்த்திப் படுப்பார். வீட்டில் இதற்குப் பிடிவாதம் என்று பெயர். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"எத்தன தலகாணி?"

"ரெண்டுங்க."

"எப்பலேர்ந்து?"

"நாலு வருஷமா. முன்ன ஒண்ணுதான்."

கையில் கிடைத்த முதல் தேதி அது. மறுபடி திறந்து நேராக்கலாம், அதிலும் ஆபத்து உண்டு, எடை குறைந்தால் யோசிப்போம், ஒரு வருஷம் கழித்து இதே படத்தோடு வாருங்கள் என்றார்.

கவிதைப் படிமத்தை அதற்குரிய மனிதனிடமிருந்து பிரித்து வைத்து ரசிக்க நாம் பழகியிருக்கிறோம். இந்தப் படம் அதற்கு இடம் தரவில்லை. இதைப் படிக்க ஒருவரின் தலையணைகளை எண்ண வேண்டியிருந்தது.