கறுப்புக்குக் கீழே

ஹீட் கன்னை அணைத்துக் கீழே வைத்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "இது என்ன மரம் தம்பி?" என்பதுதான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் தோளில் மாட்டி வாசித்த எலெக்ட்ரிக் கிதார். அதிலுள்ள ஒவ்வொரு கீறலும் எப்போது விழுந்தது என்று சொல்வேன். ஆனால் அந்தக் கறுப்புப் பெயின்டுக்கு அடியில் இருப்பது என்ன மரம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் பெருவிரல் நகத்தை மரத்தில் லேசாக அழுத்தினார். பிறை போல ஒரு தடம் விழுந்தது. "மலைவேம்பு மாதிரி மெத்துனு இருக்கு. ஆனா நம்ம ஊர் மரம் இல்ல" என்றார்.

பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. செப்டம்பர் மாதம். காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. அண்ணன் மரவேலைக்கு பாலிஷ் போடுபவர். அறுபதைத் தாண்டியவர். எங்கள் தெருவில் பழைய வீடுகளின் வாசற்கால், ஊஞ்சல் பலகை, பூஜையறைக் கதவு எல்லாவற்றிலும் அவர் கை பட்டிருக்கிறது. கிதாரை அவர் தொடுவது இதுதான் முதல் தடவை. நான்தான் அவரைத் தேடிப் போனேன், அதுவும் வேலையைக் கெடுத்துக்கொண்ட பிறகு.

அதற்கு முந்தைய வாரம் ஹார்டுவேர் கடையில் பெயின்ட் ரிமூவர் வாங்கி வந்து, கழுத்தைக் கழற்றி, பிக்கப், பிரிட்ஜ், ஸ்பிரிங், ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு கிதாரின் வெறும் உடம்பின் மேல் தடவினேன். ஒரு நாள் பொறுத்தேன், மறுபடி தடவினேன். கறுப்பு அசையவில்லை. மேலே பளபளப்பு மட்டும் மங்கியது. பிறகு ஹீட் கன் வாங்கினேன். அதை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டே நின்றதில் மேல் கொம்பின் ஓரத்தில் ரூபாய் நாணய அளவுக்கு மரம் கருகிவிட்டது. அந்த வாசனை மூக்கில் ஏறியபோது அடிவயிறு கலங்கியது. அன்று மாலையே அவர் வீட்டுப் படியேறினேன்.

ரிமூவர் ஏன் வேலை செய்யவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. பழைய காலத்து லாக்கர் காய்ந்தாலும் தின்னர் பட்டால் திரும்பக் கரையும், வெல்லப்பாகு தண்ணீரில் கரைவதுபோல. 1960களின் கடைசியிலிருந்து கிதார் தொழிற்சாலைகளில் பரவிய பாலியஸ்டர் பூச்சு அப்படியில்லை. அது உலர்வதில்லை, வேதிவினையில் இறுகுகிறது. வெந்த முட்டையின் மேல் எதை ஊற்றினாலும் பச்சை முட்டை ஆகாது. மலிவு விலைக் கிதார்களில் அதைக் கனமாகவே பூசிவிடுவார்கள். என்னுடையது 1990களில் கொரியாவில் செய்தது. பெயர்ந்து விழுந்த சில்லைக் குறுக்குவாட்டில் பார்த்தேன். மேலே கறுப்பு, நடுவில் வெள்ளை, அடியில் கண்ணாடி போல ஒரு படலம். மரத்தைத் தொடுவதற்குள் இத்தனை அடுக்கு.

அண்ணன் ஹீட் கன்னை ஒரு நிமிஷம் கூட நிறுத்தவில்லை. துணிக்கு இஸ்திரி போடுவதுபோல ஓட்டிக்கொண்டே இருந்தார். உள்ளங்கை அகலத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளவும் இல்லை. பூச்சு லேசாக நெளியும் அந்த நொடியில், முனை மழுக்கிய லப்பத் தகட்டைப் படுக்கப் போட்டு உள்ளே தள்ளுவார். பெரிய சில்லு ஒன்று பட்டென்று எழும்பி வரும். "சூடு பெயின்டுக்குத்தான், மரத்துக்கு இல்ல" என்பார். தகட்டின் இரண்டு முனைகளையும் கல்லில் தேய்த்து உருட்டி வைத்திருந்தார். கூர்முனை மரத்தில் கோடு போட்டுவிடும், அந்தக் கோட்டை எடுக்க அரை நாள் தேய்க்க வேண்டும் என்றார்.

மதியத்துக்குள் முன்பக்கம் முழுக்க வெளியே வந்தது. நான் எதிர்பார்த்தது வேறு. தேனிறத்தில் ரேகை ஓடும் மரத்தைப் பார்க்கப் போகிறோம், மேலே மெல்லிய பாலிஷ் மட்டும் போட்டு அப்படியே விட்டுவிடலாம் என்று ஆசைப்பட்டிருந்தேன். வெளியே வந்தது ஐந்து துண்டுகளை ஒட்டிய வெளிறிய மரம். ஒரு துண்டு பச்சை சாயலில், பக்கத்துத் துண்டு பழுப்பில். கீழ் ஓரத்தில் முடிச்சு இருந்த இடத்தைத் தோண்டி லப்பம் அடைத்திருந்தார்கள். பாஸ்வுட் என்ற மரம். ரேகையே தெரியாத, எடை குறைந்த மரம். அதைப் பெரும்பாலும் அடர்த்தியான நிறத்துக்கு அடியில்தான் வைப்பார்கள். நல்ல ரேகையுள்ள இரண்டு துண்டு மரம் கிடைத்தால் அது வெளியே தெரியும் விலையுயர்ந்த கிதாருக்குப் போகும். ஐந்து துண்டு கறுப்புக்குப் போகும். தொழிற்சாலைக் கணக்கு அது. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனாலும் மனசு சுருங்கியது.

அண்ணனுக்கு அந்த ஒட்டு பிடித்திருந்தது. குனிந்து, ஒட்டுக்கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் எங்கும் தட்டவில்லை. "ஒட்டுனவன் கைகாரன். இத்தனை வருஷத்துல ஒரு மயிரிழை கூட விலகல பாருங்க" என்றார். முகம் தெரியாத யாரோ ஒரு தொழிலாளியை இன்னொரு தொழிலாளி பாராட்டியதை அங்கே நின்று கேட்டபோது, சுருங்கிய மனசைப் பற்றி எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு தேய்ப்பு. இதைத்தான் நான் நாள்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அவர் கொடுத்தபோது நானும் செய்தேன். உப்புத்தாளை வெறும் கையில் பிடித்துத் தேய்க்கக் கூடாது. விரல் இருக்கும் இடத்தில் அழுத்தம் கூடி, மேற்பரப்பு வாய்க்கால் வாய்க்காலாகக் குழியும். அதற்கு அவர் வைத்திருந்தது பழைய ஹவாய் செருப்பை அறுத்த துண்டு. தட்டையான இடத்துக்குக் கெட்டியான குதிகால் பகுதி, வளைவுக்குத் தேய்ந்து மெலிந்த முன்பகுதி. கடையில் விற்கும் ரப்பர் கட்டை ஒன்றைப் பெருமையாக எடுத்துக் காட்டினேன். வாங்கி அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது வளையாது."

80ஆம் நம்பர் தாளில் தொடங்கி 120, 180, 220 என்று ஏறினோம். ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால் மரம் முழுக்க பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போடச் சொன்னார். கோடு எல்லா இடத்திலும் ஒன்றாக மறைந்தால் தேய்ப்பு சமம். ஓர் இடத்தில் கோடு தங்கினால் அங்கே பள்ளம். கடைசித் தாளுக்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தார். காய்ந்ததும் தடவிப் பார்த்தால் பூனை நாக்கு போலச் சொரசொரப்பு. படுத்துக் கிடந்த நாரெல்லாம் தண்ணீர் பட்டு எழும்பி நிற்கிறது. இப்போதே எழுப்பி அறுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பாலிஷ் பட்டதும் அதற்குள் எழும்பிக்கொள்ளும் என்றார். அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் உடம்பு முழுவதையும் ஒருதரம் தடவினார். எனக்கு வழவழப்பாகத் தெரிந்த இடங்களில் மூன்று தடவை நின்றார். மூன்றிலும் பென்சிலால் சுழித்தார். லப்பம் அடைத்த இடம் அவற்றில் ஒன்று. மரம் ஒரு வேகத்தில் தேயும், லப்பம் இன்னொரு வேகத்தில் தேயும், அதனால் விளிம்பில் வரப்பு கட்டும் என்று விளக்கினார்.

தூசி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பூச்சுத்தூசி மரத்தூசியை விட மோசம், நுணுக்கமானது, மூக்குக்குள் ஒட்டும். அவருக்கு ஃபில்டர் வைத்த முகமூடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். தேய்க்கும்போது போட்டுக்கொண்டார். தேய்ப்பு முடிந்து அடிப்பூச்சாகச் சீலர் பூசும்போது கழற்றிவிட்டார். வாசனை தெரியாவிட்டால் எப்போது அடுத்த கோட் போடுவது என்று தெரியாதாம். காய்ந்ததை மூக்கால்தான் பார்க்கிறார். நாற்பது வருஷமாக ஸ்பிரிட்டையும் தின்னரையும் அப்படித்தான் மூக்கால் அளந்திருக்கிறார். வேலை முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து வெல்லக்கட்டி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார், தூசியை இறக்கிவிடும் என்ற நம்பிக்கையில். மாடிப்படி ஏறும்போது நடுவில் ஒருதரம் நின்றுதான் வருவார். ஆயத்தக் கதவுகள் வந்தபின் வேலையும் குறைந்துவிட்டது. கதவைச் செதுக்கிய தச்சரின் பெயரை வீட்டுக்காரர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், பாலிஷ் போட்டவரின் பெயரை யாரும் வைத்திருப்பதில்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். அந்தக் கதவில் நாம் தினமும் தொடுவது இவர் வேலையைத்தான்.

அடுத்து நிறம். ஐந்து துண்டும் லப்பமும் என் கருகலும் வெளியே தெரியக் கூடாது, ஆனால் மறுபடி முழுக் கறுப்பும் வேண்டாம். வழி சொன்னது அண்ணன்தான். நடுவில் வெளுப்பும் ஓரத்தில் இருட்டுமாகப் போட்டால் கண் நடுவிலேயே நிற்கும், ஓரத்து ஒட்டைத் தேடாது, பழைய பீரோக்களில் அப்படிச் செய்திருக்கிறோம் என்றார். சன்பர்ஸ்ட் என்று கிதார்க்காரர்கள் சொல்வது இதைத்தான் என்று அவருக்குச் சொன்னேன். 1954இல் ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்தபோதே அதன் வழக்கமான நிறம் அது. ஆனால் ஓரம் ஒரே சீராக மங்கி வர ஸ்பிரே வேண்டும். "அது என் வேலை இல்ல. புதுப்பேட்டையில பாய் இருக்காரு" என்று அவரே அழைத்துப் போனார்.

புதுப்பேட்டையின் கார் உதிரிபாகச் சந்துகளில், அவிழ்த்துப் போட்ட கதவுகளுக்கும் பம்பர்களுக்கும் நடுவே பாயின் பெயின்டிங் ஷெட். கிதார் உடம்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டூக்கோதானே சார்? அடிச்சுடலாம்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது. டூக்கோ என்பது அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1920களில் கார்களுக்காகக் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரின் பெயர். பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் வெடிமருந்தின் உடன்பிறப்பு. அதற்கு முன் ஒரு காருக்கு வண்ணம் பூசிக் காயவைக்க வாரங்கள் ஆகும். கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் லியோ ஃபெண்டர் கிதார் செய்தபோது, வாடிக்கையாளர் தனி நிறம் கேட்டால் எடுத்து அடித்தது இந்தக் கார் பெயின்டைத்தான். ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு காரின் நிறம், சோனிக் புளூ கேடிலாக் காரின் நிறம். தனி நிறத்துக்கு ஐந்து சதவீதம் கூடுதல் விலை. அந்தப் பெயர் இங்கே பீரோவிலும் சைக்கிளிலும் ஏறி, புதுப்பேட்டையில் ஒரு வினையாகவே ஆகிவிட்டது. பாய் கிதார் பெயின்டர் இல்லை என்று நான் தயங்கியிருந்தேன். ஃபெண்டருக்கே கிதார் பெயின்ட் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. பாய் ஒன்பது நாள் தொடவில்லை. "காத்துல தண்ணி இருக்கு, அடிச்சா வெள்ளை பூத்துரும்." மண்பானையில் நீர் கசிந்து ஆவியாகும்போது பானை குளிர்வதுபோல, தின்னர் வேகமாகப் பறக்கையில் பூசிய பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அந்த ஈரம் படலத்துக்குள் மாட்டிக்கொண்டு பால் சிந்தியதுபோலத் தெரியும். பத்தாம் நாள் வெயில் வந்தது. பகல் பதினோரு மணிக்கு மேல்தான் கம்ப்ரஸரைப் போட்டார். கழுத்து பொருந்தும் குழிக்கு டேப் ஒட்டினார். அங்கே ஒரு கோட் கூடினாலும் கழுத்து உட்காராது. குழியில் கட்டை ஒன்றைத் திருகிப் பிடித்துக்கொண்டு, முதலில் முழுவதும் மஞ்சள். பிறகு அட்டையில் நாலு தடவை ஒத்திகை. அதன்பின் துப்பாக்கியை நடுவிலிருந்து அல்ல, வெளியிலிருந்து சாய்த்து, ஓரத்தை மட்டும் உரசிப் போகும்படி கரும்பழுப்பு. மணிக்கட்டு ஆடவில்லை, இடுப்புதான் திரும்பியது. இரண்டு சுற்றில் லப்பம் காணாமல் போனது. என் கருகலும் இருட்டுக்குள் போய்விட்டது. அதன் மேல் தெளிவான லாக்கர், நாளுக்கு மூன்று மெல்லிய கோட். ஒவ்வொரு கோட்டும் முந்தையதை லேசாகக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும்.

இப்படி மெல்லிசாகப் பூசினால் சத்தம் நன்றாக வருமா என்று நண்பர்கள் கேட்டார்கள். 1968இல் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும் தங்கள் எபிஃபோன் கேசினோ கிதார்களின் பூச்சைச் சுரண்டி எடுத்த கதையை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அவை உள்ளே கூடாக இருக்கும் கிதார்கள். என்னுடையது கெட்டிக் கட்டை. காந்தத்துக்கு மேல் கம்பி அதிர்வதைத்தான் பிக்கப் எடுக்கிறது. மாற்றம் எதையும் என் காதால் பிரிக்க முடியவில்லை. ஆனால் முழங்கை படும் இடத்தில் பிளாஸ்டிக்கின் குளிர்ச்சி போய்விட்டது. வாசிக்கிறவனுக்கு அது பெரிய விஷயம்.

ஒரு மாதம் அறையில் தொங்கவிட்டோம். தின்னர் வாசம் முழுக்கப் போனதா என்று அண்ணன் இரண்டு முறை வந்து மோந்து பார்த்தார். பிறகு சோப்புத் தண்ணீரில் 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பர், கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட். ஸ்க்ரூ துளைகளின் வாயை முன்கூட்டியே சற்று அகட்டிவிட்டார், திருகும்போது லாக்கர் சில்லு தெறிக்காமல் இருக்க. நான் ஒயரைப் பற்றவைத்து, கழுத்தை மாட்டி, கம்பி கட்டினேன்.

பொங்கலுக்கு மறுநாள் அண்ணன் வந்திருந்தார். கிதாரை மடியில் படுக்கப் போட்டு, கண்ணை மூடி, கீழ் ஓரத்தில் உள்ளங்கையை மெதுவாக நகர்த்தினார். ஓர் இடத்தில் நின்றார். "இங்க இருக்கு. லப்பம் உள்ள இறங்குது, லாக்கரும் கூடவே இறங்குது" என்றார். என் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்தார். எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொன்னார்.