ஒரு கோடு சொன்ன கணக்கு

"ராத்திரிக்கு ஒரு தடவைதான் எந்திரிக்கிறேன்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். போன மாதம் உசிலம்பட்டி வீட்டில் தங்கியபோது விழித்திருந்து எண்ணினேன். விடிவதற்குள் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் ஐந்து முறை சத்தம் போட்டது. அதற்குமேல் அவர் பேச்சைக் கேட்கவில்லை. காலை ஆறரை பஸ்ஸில் அவரோடு ஏறினேன்.

மதுரைக்கு நாற்பது கிலோமீட்டர்தான். செக்கானூரணியிலேயே இறங்க வேண்டியதாயிற்று. கண்டக்டரிடம் நான்தான் கேட்டேன், அப்பா வாய் திறக்கவில்லை. பயணம் என்றால் முந்தின சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவாராம். அது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆரப்பாளையத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ 100 ரூபாய்.

சிறுநீரகப் பிரிவு வாசலில் பெஞ்சு முழுக்க அறுபது தாண்டியவர்கள். ஒருவர் கையில் மஞ்சப் பை, அதற்குள் டியூப் போய் முடியும் மூத்திரப் பை. சளிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். மறுநாள் ஒரு சொட்டு வரவில்லை. சில சளி மாத்திரைகள் வீங்கிய புராஸ்டேட் உள்ளவர்களுக்கு அப்படி அடைத்துவிடும் என்றார் டாக்டர். பிறகு அப்பாவிடம் ஏழு கேள்வி கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் "லேசா சார்" என்றார். கையுறை மாட்டி விரலால் பார்த்துவிட்டு, "கெட்டியா இல்லய்யா, மெத்துன்னுதான் இருக்கு" என்றார். புற்றுநோய்ச் சந்தேகத்துக்கு பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் எழுதினார்.

அடுத்தது மூத்திர ஓட்டத்தை அளக்கும் புனல் மெஷின். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 20 ரூபாய். குடித்து, முட்டும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கதவுக்கு வெளியே எனக்கே கேட்டது: சொட்டுச் சொட்டாக, நின்று நின்று. மெஷினிலிருந்து வந்த தாளை டாக்டர் விரித்தார். நல்ல ஓட்டம் மலைபோல் ஏறி இறங்குமாம். அப்பாவுடையது நீண்டு கிடக்கும் வரப்பு. விநாடிக்கு 15 மில்லியைத் தாண்ட வேண்டியது 7க்கு மேல் ஏறவில்லை. ஸ்கேனில் இன்னும் 140 மில்லி உள்ளேயே நின்றது. 20 கிராம் இருக்க வேண்டிய புராஸ்டேட் சுரப்பி 58.

அப்பா தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "மடைவாயில மண்ணு சரிஞ்ச மாதிரில்ல இருக்கு." அதுதான் சங்கதி. மூத்திரக்குழாயைச் சுற்றியிருக்கும் சுரப்பி பெருத்து வழியை நெருக்குகிறது.

டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு. தலை சுற்றலாம் என்பதால் படுக்கையிலிருந்து மெதுவாக எழ வேண்டும். சுரப்பியைச் சுருக்கும் இன்னொரு மாத்திரைக்கு ஆறு மாதம் பிடிக்கும். கேட்காவிட்டால்தான் ஆபரேஷன். ஆபரேஷன் என்றால் வயிற்றைக் கிழிப்பார்கள், ஆள் எழவே மாட்டான் என்று ஊரில் பயமுறுத்தியிருந்தார்கள். வார்டில் எட்டிப் பார்த்தேன். மூத்திரவழியாகவே கருவி விட்டுச் சுரண்டி எடுத்து இரண்டாம் நாளான ஒருவர், பையில் வெளிர்சிவப்பாய் நீர் இறங்க, உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வயிற்றில் தையல் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அப்பா அந்தத் தாளை மறுபடி எடுத்தார். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், அப்பா மறைக்கவில்லை. "உங்களுக்கு எப்படிண்ணே?" என்று அவரிடம் கேட்டார்.