சில்லறையாகப் போகும் பணம்

திங்கள்

மாற்றுத்திறனாளி ஒருவர் இருக்கும் வீட்டில், மற்ற வீடுகள் வாழும் அதே வாழ்க்கைக்குக் கூடுதல் பணம் வேண்டியிருக்கிறது. அறுவைச் சிகிச்சைச் செலவு எல்லோருக்கும் தெரியும். நாள்தோறும் சில்லறையாகப் போவது தெரியாது. சென்னையில் முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அவரால் சிறுநீரைத் தானாகக் கழிக்க இயலாது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் குழாய் செலுத்த வேண்டும். குழாய், ஜெல்லி, கையுறை, வெளியே போகும் நாளுக்கு டயாப்பர் எல்லாமே அரிசி பருப்போடு சேர்ந்த மாதச் சாமான்கள். கையில் காசில்லாத மாதம் பழைய குழாயையே கழுவிப் பயன்படுத்துகிறார்கள். சுத்தம் சற்றுக் குறைந்தாலும் தொற்று வரும். மிச்சம் பிடித்த பணம் மருந்துக்கே போய்விடும்.

புதன்

சக்கர நாற்காலி அரசு முகாமில் இலவசமாகக் கிடைக்கலாம். டயரும் பேரிங்கும் தேய்ந்தால் செலவு வீட்டுடையது. உணர்வற்ற தோலுக்கு அழுத்தம் தெரியாததால் நல்ல இருக்கை மெத்தை இல்லாவிட்டால் புண் வரும், ஆறப் பல மாதம் ஆகும். இத்தகைய கருவிகளுக்கும் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 5 விழுக்காடு வரி போடப்பட்டது. நடக்க முடியாதவருக்குக் கால் போன்ற ஒன்றின் மீது போட்ட வரி அது. போடாமல் இருந்திருக்க வேண்டும்.

வெள்ளி

இன்று மருத்துவமனைக்குப் போகும் நாள். தாழ்தளப் பேருந்துகள் 2024இல் சென்னைச் சாலைகளுக்கு வந்தன, நல்லதே. ஆனால் உடைந்த நடைபாதையைத் தாண்டி நிறுத்தம்வரை சக்கர நாற்காலி போக வேண்டுமே. அதனால் ஆட்டோ, நாற்காலியையும் ஏற்றுவதால் பேசும் கூடுதல் கட்டணம், கூடவே துணைக்கு ஒருவர். துணை வருபவருக்கு அன்றைய கூலி போகும். பெரும்பாலும் அவர் மனைவியோ தாயோதான். நாளடைவில் வேலையையே விட்டுவிடுகிறார். இந்தச் செலவுகளிலேயே பெரியது இதுதான், எந்த ரசீதிலும் ஏறாததும் இதுதான். துணையின்றிப் பயணிக்க முடியாத இவர்களுக்கு ரயில்வே தூங்கும் வசதிப் பெட்டியில் 75 விழுக்காடு சலுகை தருகிறது, துணைக்கும் அதே சலுகை உண்டு. துணை என்பது பயணத்தின் ஒரு பகுதி என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

வாடகையும் இப்படித்தான். தரைத்தளம், படியில்லாத வாசல், நாற்காலி நுழையும் குளியலறைக் கதவு மூன்றும் சேர்ந்து அமைந்த வீட்டுக்குக் கேட்ட வாடகையைக் கொடுக்க வேண்டும்.

ஞாயிறு

வருமானத்தை மட்டும் பார்த்து வறுமையை அளந்தால் இவையெல்லாம் விடுபடும். அமர்த்திய சென் ‘நீதி பற்றிய கருத்து’ என்ற தம் நூலில் பிரிட்டன் பற்றிய ஓர் ஆய்வைக் காட்டுகிறார். மாற்றுத்திறனாளி உள்ள குடும்பங்களில் இருப்போரில் 23.1 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தனர். கூடுதல் செலவையும் கணக்கில் சேர்த்ததும் அது 47.4 ஆனது.

மாற்றுத்திறனாளிகளுக்கான இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டம், 24 ஆம் பிரிவில், பிறருக்கான அதேவகைத் திட்டங்களைவிட இவர்களுக்கான உதவித்தொகை குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. மிகுந்த ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படியும் அதே பிரிவில் உண்டு. ஆனால் வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 80 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ளவர்களுக்கு ஒன்றிய அரசு தன் பங்காக வகுத்த ஓய்வூதியம் மாதம் 300 ரூபாய். கதீட்டருக்கே அது போதாது.