கை மாற்றிய வரிசை

வேப்பூர்க் கூட்டுரோட்டில் பேருந்தைவிட்டு இறங்கி, வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய ஆடுகளை ஏற்றிக்கொண்டிருக்கும் மினி லாரிகளைக் கடந்து சற்றுத் தொலைவு நடந்தால் ஐயாவின் வீடு. பள்ளியில் எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். வயது 82. ஓய்வுபெற்ற பின் அவர் எடுத்துக்கொண்ட வேலை ஒன்றுதான்: ஒவ்வோர் அதிகாரத்தின் பத்துக் குறள்களும் எந்த வரிசையில் நின்றால் கருத்து தொடர்ந்து செல்கிறது என்று பார்ப்பது.

திருமண அழைப்பிதழ்களை வெட்டி, பின்புறம் குறளை எழுதி, திண்ணையில் பத்து அட்டைகளாகப் பரப்பியிருப்பார். காற்றில் பறக்காதிருக்க அட்டைக்கு ஒன்றாக விருத்தாசலத்துப் பீங்கான் அகல்கள். மணக்குடவர் வரிசை, பரிமேலழகர் வரிசை இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாவதாகத் தமக்குச் சரியென்று படுவதை நோட்டில் குறித்துக்கொள்வார்.

இதை வேண்டாத வேலை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் இன்று நாம் மேடையிலும் வகுப்பிலும் சொல்லும் குறள் எண், பரிமேலழகர் கொண்ட வரிசையின் எண். அவருக்கு முந்தியவரான மணக்குடவரிடம் அதிகாரத்துக்குள் குறள்கள் வேறு இடங்களில் நிற்கின்றன. மணக்குடவர் உரையின் அறத்துப்பாலை வ.உ.சிதம்பரம் பிள்ளை 1917இல் அச்சேற்றினார். பழைய உரைகளின் ஏடுகள் செல்லரித்துப் போயிருந்தால், ஒருவர் வைத்த வரிசையை வள்ளுவரே வைத்ததென்று நம்பிக்கொண்டிருப்போம். பத்துக் குறள்களை 36,28,800 விதமாக அடுக்கலாம். அவற்றுள் ஒன்றைத் தேர்வது என்பதே ஓர் உரை எழுதுவதுதான்.

ஐயாவுக்குக் கை நடுக்கம் கண்டது. அகலைத் தூக்கும்போது அட்டைகள் சிதறின. சென்னையில் மென்பொருள் எழுதும் என் பழைய மாணவன் பொங்கலுக்கு வந்திருந்தான். அவனிடம் சொன்னேன். டேப்லெட்டில் 1330 குறள்களையும் ஏற்றி, விரலால் அழுத்திப் பிடித்து மேலும் கீழும் இழுத்து வைக்கும்படி ஒரு பக்கம் செய்து கொண்டுவந்தான்.

தொடங்குமுன் ஐயாவிடம் ஒரு சந்தேகம் கேட்டான். "ஏழாவது குறளை மூணாவது இடத்துக்குக் கொண்டுவந்தா, மூணாவது ஏழுக்குப் போகணுமா, இல்ல நடுவுல இருக்கிறதெல்லாம் ஒவ்வொரு படி இறங்கணுமா ஐயா?"

ஐயா முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி, அது நூலைப் பொறுத்தது. அகநானூறா இருந்தா இடம் மாத்திக்கணும். அதில் ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை. இரண்டு, எட்டுன்னு முடியறது குறிஞ்சி, நாலு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். ஒன்றை இழுத்து நடுவில் செருகினா, இடையில் இருக்கிற அத்தனை பாட்டும் திணை கெட்டுப்போகும். இடம் மாத்தினா இரண்டோட போகும். குறளுக்கு எண் முக்கியமில்லை, தொடர்ச்சிதான். நகர்த்தினது போக மத்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றா அப்படியே இருக்கணும். அதனால இறங்கட்டும்."

நான்கு நூற்றாண்டு உரை படித்ததுபோல் அவன் தலையசைத்தான். கணினிக்காரர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்விக்கு, எட்டுத்தொகையைத் தொகுத்தவர்கள் அன்றே விடை யோசித்திருக்கிறார்கள் என்பதில் எனக்கும் பெருமைதான். அந்தப் பெருமையில் ஒரு சொல் சொல்லிவிட்டேன்: "இனிமே நோட்டு எதுக்கு ஐயா? எல்லாம் இதிலேயே இருக்கும்."

அவர் நோட்டை மூடி வைத்தார். அதில் கடைசியாக இருந்தது 41ஆம் அதிகாரம், கல்லாமை.

நான்கு மாதங்கள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். நட்பு அதிகாரம்வரை முடித்துவிட்டு, பழையதைச் சரிபார்க்கத் திரும்பியிருக்கிறார். கேள்வி அதிகாரத்தில், தாம் ஒருநாளும் நினைத்துப் பார்த்திராத இடத்தில் ஒரு குறள் நின்றிருக்கிறது. மறுநாள் போனேன். அவர் படிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோது விளங்கியது. பக்கத்தைக் கீழே தள்ள விரலை வைக்கிறார். நடுக்கத்தில் விரல் ஒரு கணம் அதிகம் தங்குகிறது. பக்கம் நகர்வதற்குப் பதில் விரலடியில் இருந்த குறள் கிளம்பி இரண்டு படி தள்ளி உட்கார்கிறது. எந்த அறிவிப்பும் இல்லை. கடைசியாக இருந்த நிலையே சேமிக்கப்படுகிறது. முந்தையது எங்கும் இல்லை.

ஐயா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "எது நான் மாத்தினது, எது என் கை மாத்தினதுன்னு தெரியலையேப்பா" என்றார். 42 முதல் 79 வரை, 38 அதிகாரங்கள், 380 குறள்கள். இரண்டு உரையாசிரியர்களின் வரிசையும் புத்தகத்தில் இருக்கின்றன. ஐயாவின் வரிசை வேறெங்கும் இல்லை.

மாணவன் அடுத்த சனிக்கிழமையே வந்தான். திண்ணையில் உட்கார்ந்து, ஐயாவின் கையைப் பார்த்துக்கொண்டே திருத்தினான். குறளின் ஓரத்தில் சிறு பிடி ஒன்று; அதைத் தொட்டால் மட்டுமே குறள் நகரும், மற்ற இடமெல்லாம் படிப்பதற்கு. இழுக்க இயலாவிட்டால் மேலே, கீழே என்று இரண்டு பெரிய பொத்தான்கள். எந்த இடம் என்று எண்ணைச் சொன்னாலும் போதும். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் அடியில் ஒரு வரி எழும்: ஏழாம் குறள் மூன்றாம் இடத்துக்கு வந்தது. பக்கத்திலேயே மீட்கும் பொத்தான். பழைய வரிசைகள் நாளிட்டுத் தனியே நிற்கும். எதன்மேலும் எதுவும் எழுதப்படாது.

இழுத்து நகர்த்தும் எதற்கும், இழுக்காமல் செய்ய ஒரு வழி இருக்கவேண்டும் என்பது, வலைத்தளங்களுக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2023 அக்டோபரில் வெளியிட்ட அணுகுதல் நெறிகளிலேயே இருக்கிறதாம். "படிச்சிருக்கேன் சார். என் விரல் நடுங்கலையே, அதனால தோணலை" என்றான். அவனுக்காவது விரல் நடுங்கவில்லை என்ற காரணம் உண்டு. ஏடும் பாடவேறுபாடும் பற்றி வகுப்பெடுக்கும் நான், முந்தைய வரிசை எங்கே போகிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பரிமேலழகர் மாற்றியதை நாம் அறிவது பழைய ஏடுகள் அழியாமல் நின்றதால் என்று மேடைதோறும் சொல்லியிருக்கிறேன்.

ஐயா 42இலிருந்து மறுபடி தொடங்கினார். சில அதிகாரங்களில், முன்பு வைத்தது இதுதான் என்று நினைவு வருகிறதாம். சிலவற்றில் வரவில்லை, அங்கே புதிதாக யோசிக்கிறார். முன்னதைவிட இது மேலா என்று சொல்ல அவரிடம் ஒப்பிட ஒன்றுமில்லை.

போன வெள்ளிக்கிழமை கூட்டுரோட்டில் இறங்கியதும் கடையில் 200 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். ஐயா வாங்கி முதல் பக்கத்தைத் திருப்பினார். நடுங்கும் கையெழுத்தில் மெதுவாக எழுதினார்: 42. கேள்வி.