பாரோ நதிக்கரையில் ஒரு நடை

அயர்லாந்தில் ஷூர், நோர், பாரோ என்ற மூன்று ஆறுகளை ‘மூன்று சகோதரிகள்’ என்று அழைக்கிறார்கள். மூவரில் நெடியவள் பாரோ, 192 கிலோமீட்டர்! அவள் கரையோரமாகவே கிரேக்னமானா என்ற சிற்றூரிலிருந்து செயின்ட் முல்லின்ஸ் வரை நடந்தேன். சுமார் 6 கிலோமீட்டர்தான். நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம்.

ஏற்ற இறக்கம் என்ற பேச்சே இல்லை. ஏன் தெரியுமா? இந்தப் பாதை குதிரைகளுக்காகப் போட்டது! 18-ஆம் நூற்றாண்டில் ஆற்றைப் படகுப் போக்குவரத்துக்குத் திருத்தினார்கள். குதிரை கரையில் நடந்து கயிற்றை இழுக்க, சரக்கேற்றிய படகு பின்னாலேயே வரும். ஆற்றின் மட்டம் இறங்கும் இடங்களில், இரு பக்கமும் கதவு வைத்த கல்தொட்டிகள் உண்டு, ‘லாக்’ என்பார்கள். படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ ஏற்றி இறக்குவார்கள். சரக்குப் படகுகள் நின்று போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. இப்போது அங்கே பச்சைப் புல்தான். காலுக்கு என்ன சுகம்!

சில வருஷங்களுக்கு முன், புல்லுக்குப் பதில் கெட்டிப் பாதை போடும் யோசனை வந்தது. ஊரார் பலர் எதிர்த்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் தாய்க்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் கெட்டிப் பாதை வேண்டும்தானே? என்னைக் கேட்டால், ஊர்களை ஒட்டிக் கொஞ்ச தூரம் அவர்களுக்காகப் போடட்டும். மற்றது புல்லாகவே இருக்கட்டும்.

செயின்ட் முல்லின்ஸில், 7-ஆம் நூற்றாண்டில் புனித மோலிங் மடம் அமைத்த இடத்தில், பழைய தேவாலயங்களின் இடிபாடுகள் நிற்கின்றன. அருகில் அவர் பெயரால் ஒரு புனித ஊற்று. 1348-ல் கொள்ளைநோய்க்குப் பயந்து ஜனங்கள் திரள்திரளாக இந்த ஊருக்கு வந்து நீரில் இறங்கினார்கள் என்று கில்கென்னித் துறவி ஜான் கிளின் எழுதி வைத்திருக்கிறார். கைக்குழந்தையை அணைத்தபடி எத்தனை தாய்மார் வந்தார்களோ! மருந்தும் தடுப்பூசியும் இல்லாத நாளில், பெற்றவளுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது? அந்த இடத்தில் சற்று நேரம் பேசாமல் நின்றேன்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மழை சொல்லாமல் வரும். மழைக்கோட்டும் வழுக்காத ஷூவும் அவசியம். கரையோரம் தடுப்பு கிடையாது. பிள்ளைகளின் கையை விட்டுவிடாதீர்கள். ஆற்றங்கரையில் பழைய தானியக் கிடங்கொன்று காபிக் கடையாகியிருக்கிறது. நடந்த களைப்புக்குச் சூடாக ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பலாம்.